டேஷ்போர்டில் லைட் எரிகிறது: ஓட்டலாமா, நிறுத்தணுமா?

வளசரவாக்கத்தில் நான் நடத்தும் ஒர்க்‌ஷாப்புக்கு தினமும் காலையில் இரண்டு மூன்று வாட்ஸ்அப் போட்டோ வந்துவிடும். மீட்டர் பக்கத்தில் ஏதோ ஒரு சின்னம் எரிந்துகொண்டிருக்கும். கீழே ஒரே வரி: "அண்ணா, இது என்ன? ஆபீஸ் வரைக்கும் போகலாமா?" அனுப்பியவர் பெரும்பாலும் ஏதாவது ஒரு சிக்னலில் நின்றுகொண்டிருப்பார். அந்த நேரத்தில் நீளமாக விளக்க முடியாது. அதனால் அடிக்கடி வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் நிதானமாக உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். பெட்ரோல், டீசல் கார்களை மனதில் வைத்து எழுதியது. உங்கள் வண்டியோடு வந்த புத்தகத்தில் வேறு மாதிரி போட்டிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

சாவியைத் திருப்பியதும் எல்லா லைட்டும் ஒன்றாக எரிகிறதே, கோளாறா?

இல்லை. வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. இன்ஜின் ஸ்டார்ட் ஆன சில வினாடிகளில் எல்லாம் அணைந்துவிட வேண்டும். ஹேண்ட் பிரேக், சீட் பெல்ட் லைட்டுகள் மட்டும் நீங்கள் செய்ய வேண்டியதைச் செய்யும்வரை எரியும். அணையாத லைட்டை எல்லோரும் கவனிக்கிறார்கள். அந்தச் சில வினாடியில் எரியவே எரியாத லைட்டையும் கவனியுங்கள். பல்பு போயிருந்தால், நாளைக்கு நிஜமாகவே ஆயில் இல்லாதபோது சொல்ல ஆள் இருக்காது.

நிறத்தை வைத்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

சிவப்பு என்றால் ஓரம் கட்ட இடம் கிடைத்ததும் நிறுத்துங்கள். மஞ்சள் என்றால் ஓட்டலாம், ஆனால் இந்த வாரத்துக்குள் காட்டிவிடுங்கள். பச்சையும் நீலமும் வெறும் தகவல். இதில் ஒரு விதிவிலக்கு உண்டு: மஞ்சள் நிற இன்ஜின் படம் விட்டுவிட்டு மின்னினால் அதையும் சிவப்பாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். சின்னங்களுக்கு ஐஎஸ்ஓ 2575 என்று ஒரு சர்வதேசத் தரம் இருப்பதால் மாருதி, ஹூண்டாய், டாடா எதுவானாலும் படம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு வண்டியில் கற்றுக்கொண்டால் போதும்.

அலாவுதீன் விளக்கு மாதிரி சிவப்பில் ஒன்று எரிகிறது. அடுத்த பங்க்கில் ஆயில் வாங்கி ஊற்றிக்கொள்ளலாமா?

அடுத்த பங்க் வரைக்கும்கூடப் போகாதீர்கள். அது ஆயில் அளவைச் சொல்லும் லைட் இல்லை, ஆயில் பிரஷரைச் சொல்லும் லைட். பிரஷர் இல்லையென்றால் இன்ஜினுக்குள் சுற்றும் கிராங்க்கும் அதைத் தாங்கும் பேரிங்கும் இரும்பும் இரும்புமாக உரசிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். அந்த நிலையில் சில நிமிடம் ஓடினாலே இன்ஜின் ஜாம் ஆகிவிடும். எல்லா லைட்டிலும் நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான்.

ஓரம் கட்டி உடனே சாவியைத் திருப்பி அணைத்துவிடுங்கள். சமதளத்தில் நிறுத்தி 10 நிமிடம் பொறுத்து, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை எடுத்து, துணியால் துடைத்து, மறுபடி முழுசாக விட்டு எடுத்துப் பாருங்கள். ஆயில் இரண்டு குறிகளுக்கும் நடுவில் இருக்க வேண்டும். கீழ்க் குறிக்கும் கீழே இருந்தால் புத்தகத்தில் சொன்ன கிரேடு ஆயிலை ஊற்றி, ஸ்டார்ட் செய்ததும் லைட் அணைகிறதா என்று பாருங்கள். அணைந்தால் மெதுவாக ஒர்க்‌ஷாப் வரலாம். அளவு சரியாக இருந்தும் லைட் எரிந்தால் அப்புறம் ஸ்டார்ட்டே செய்ய வேண்டாம், டோ வண்டியைக் கூப்பிடுங்கள். சென்சார் மட்டும் போயிருக்கலாம்தான். ஆனால் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்காமல் அதை யாராலும் சொல்ல முடியாது.

வண்டியின் அடியையும் ஒருமுறை குனிந்து பாருங்கள். ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலை தொடங்கியதிலிருந்து, பள்ளத்தில் இறங்கி, இன்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப் அடிவாங்கிய வண்டிகள் நிறைய வந்திருக்கின்றன. அடி விழுந்த சத்தத்துக்குப் பிறகு இந்த லைட் வந்தால் காரணம் அனேகமாக அதுதான்.

டெம்பரேச்சர் லைட் சிவப்பாகிவிட்டது. வீடு இன்னும் 3 கிலோமீட்டர்தான். போய்ச் சேர்ந்துவிடலாமா?

போகக் கூடாது. ஏன் என்று ஒரு வண்டியை வைத்தே சொல்கிறேன்.

போன வருஷம் மே மாதம், மதியம். எங்கள் பழைய கஸ்டமர், பள்ளி ஆசிரியை, தாம்பரத்திலிருந்து போரூருக்கு வந்துகொண்டிருந்தார். பைபாஸில் வண்டி நன்றாகத்தான் ஓடியது. போரூர் சிக்னல் நெரிசலில் நின்றதும் முதலில் ஏசியில் சூடான காற்று வந்திருக்கிறது. ஏசியில் கேஸ் குறைந்திருக்கும் என்று நினைத்து ஜன்னலை இறக்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் சிவப்பு லைட். வீடு பக்கம்தானே என்று ஓட்டிவிட்டார்.

காரணம் ரேடியேட்டர் ஃபேனுக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்ச் மாதிரியான ரிலே. சில நூறு ரூபாய் சாமான். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். நிற்கும்போது ஃபேன்தான் கதி. ஏசியின் கண்டென்சருக்கும் அதே ஃபேன்தான் என்பதால், ஏசி காற்று சூடானதே முதல் எச்சரிக்கை. மறுநாள் இன்ஜினின் மேல் மூடியான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, மேலே ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி, பின்பக்கமிருந்து டார்ச் அடித்தேன். இரண்டாவது, மூன்றாவது சிலிண்டருக்கு நடுவில் ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது. ஹெட் வளைந்திருந்தது. டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் வந்தது. ஹெட்டுக்கு அடியில் உள்ள கேஸ்கெட் போய், இன்ஜினைக் குளிர வைக்கும் கூலன்ட் ஆயிலில் இறங்கியிருக்கிறது. கடைசி 3 கிலோமீட்டர் செய்த வேலை.

சரி, என்ன செய்ய வேண்டும்? முதலில் ஏசியை அணையுங்கள். மேம்பாலத்தின் நடுவில் மாட்டிக்கொண்டு நிறுத்தவே முடியாது என்றால், ஹீட்டரை முழுச் சூட்டில், ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள். உள்ளே வெந்துபோகும், ஆனால் இன்ஜின் சூட்டில் ஒரு பங்கு அந்த வழியாக வெளியேறும். இறங்கியதும் ஓரம் கட்டி அணைத்துவிட்டு, பானெட்டிலிருந்து ஆவி வரவில்லை என்றால் திறந்து வையுங்கள். அரை மணி நேரத்துக்கு ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் விட்டு, கொதித்து முகத்தில் பீச்சும். எங்கள் பையன் ஒருவனுக்குக் கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

டெம்பரேச்சர் காட்டும் முள் இருக்கும் வண்டிகளில் இன்னொன்று. கூலன்ட் மொத்தமும் ஒழுகிப்போனால் சென்சாரைச் சுற்றித் தண்ணீரே இருக்காது. முள் நார்மலிலேயே நிற்கும். இனிப்பு வாசனை, ஆவி, இழுவை குறைவது, இதில் ஏதாவது தெரிந்தால் முள்ளை நம்பாதீர்கள்.

அவசரத்துக்குப் பக்கத்து வீட்டுத் தண்ணீர் ஊற்றலாமா?

ஆறிய பிறகு, ஒர்க்‌ஷாப் வந்து சேர்வதற்காக மட்டும் ஊற்றலாம். ஆனால் அதையே வைத்து ஓட்டாதீர்கள். சென்னையில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் ரேடியேட்டர் குழாய்களுக்குள்ளும் படியும். கூலன்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுவதுதான் சரி. நம்ம ஊரில் பனியா பெய்கிறது, கூலன்ட் எதற்கு என்று கேட்கிறார்கள். உறையாமல் வைப்பது அதன் ஒரு வேலைதான். கொதிநிலையை உயர்த்துவதும் துரு பிடிக்காமல் காப்பதும் நமக்கு வேண்டிய வேலைகள்.

பேட்டரி படம் எரிகிறது. புது பேட்டரி வாங்க வேண்டுமா?

அவசரப்பட்டு வாங்காதீர்கள். ஓடும்போது இந்த லைட் எரிந்தால் பேட்டரி சார்ஜ் ஆகவில்லை என்று பொருள். ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் போயிருக்கலாம், பெல்ட் தளர்ந்திருக்கலாம், டெர்மினல் லூஸாக இருக்கலாம். இன்ஜின் நிற்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஏறாவிட்டால் கோளாறு பேட்டரிக்கு வெளியே இருக்கிறது.

இது சிவப்பாக எரிந்தாலும் இன்ஜினை அணைக்காமல், ஏசியையும் மியூசிக்கையும் நிறுத்திவிட்டு நேராக ஒர்க்‌ஷாப் போங்கள். பகலில் கொஞ்ச தூரம் தாங்கும். ராத்திரி மழையில் ஹெட்லைட்டும் வைப்பரும் ஓடினால் சீக்கிரமே உயிர் போய்விடும். கூடவே டெம்பரேச்சரும் ஏறினால் பெல்ட் அறுந்திருக்கிறது. பல வண்டிகளில் தண்ணீர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது, அதனால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி, சிவப்பு. ஹேண்ட் பிரேக் இறக்கித்தான் இருக்கிறது.

ஒரு தடவை முழுசாகத் தூக்கி இறக்கிப் பாருங்கள், ஒரு பல் மீதம் நின்றாலும் எரியும். அப்படியும் அணையவில்லை என்றால் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். அளவு கீழ்க் குறிக்கு வந்திருந்தால் ஒன்று எங்கோ ஒழுகுகிறது, அல்லது பிரேக் பேட் தேய்ந்திருக்கிறது. பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை ஆயில் நிரப்பும், டப்பாவில் அளவு இறங்கும். ஆயிலை மட்டும் ஊற்றிவிட்டு லைட் அணைந்தது என்று கிளம்பினால் தேய்ந்த பேட் தேய்ந்தபடியே இருக்கும். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனாலோ தரை வரை இறங்கினாலோ ஒரு அடிகூட ஓட்டாதீர்கள்.

பிரேக் ஆயிலை 2 வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொன்னால் பலருக்கும் வீண் செலவாகப் படுகிறது. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நம்ம கடற்கரை ஊரில் ஈரத்துக்குக் குறைவில்லை. புதிய டாட் 4 ரக பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 தான். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குபவருக்கு அந்த 75 டிகிரி வித்தியாசம் உயிர்.

ஏபிஎஸ் என்று மஞ்சளில் எரிகிறது. பிரேக் பிடிக்குமா?

பிடிக்கும். சடன் பிரேக் அடித்தால் சக்கரம் லாக் ஆகி வழுக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். இடைவெளி விட்டு ஓட்டிக்கொண்டு வந்து காட்டுங்கள். 2019 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் விற்கும் எல்லாப் புதுக் கார்களிலும் ஏபிஎஸ் கட்டாயம். அதற்குப் பின் வாங்கிய வண்டி என்றால் உங்கள் வண்டியிலும் இந்த லைட் இருக்கும். பெரும்பாலும் சக்கரத்தின் ஸ்பீடு சென்சாரில் சேறு அல்லது வயர் அறுந்ததுதான் காரணமாக இருக்கும். ஏபிஎஸ் மஞ்சளும் பிரேக் சிவப்பும் சேர்ந்து எரிந்தால் கதை வேறு. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரேக்கைப் பிரித்துக் கொடுக்கும் வேலையும் நின்றிருக்கலாம். நிறுத்திவிட்டு எனக்கு போன் செய்யுங்கள்.

செக் இன்ஜின் லைட் வந்துவிட்டது. வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. விட்டுவிடலாமா?

நிலையாக எரிந்து, இழுவையிலும் சத்தத்திலும் மாற்றமில்லை என்றால் இரண்டு மூன்று நாள் பொறுக்கலாம். இந்த ஒரு லைட்டுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான காரணங்கள் இருக்கும். படத்தைப் பார்த்து நானும் சொல்ல முடியாது, ஸ்கேனர் மாட்டித்தான் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள ஓபிடி சாக்கெட் இருக்கும். அதில் மாட்டினால் கோளாறைக் குறிக்கும் எண், அதாவது எரர் கோடு, வரும். பி0300 என்றால் இன்ஜின் மிஸ் ஆகிறது, அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை, பி0171 என்றால் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போகவில்லை, பி0420 என்றால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை. எரர் கோடு நோயின் பெயர் கிடையாது, எந்தத் தெருவில் தேட வேண்டும் என்று காட்டும் பலகை. ஆக்சிஜன் சென்சார் கோடு வந்ததும் சென்சாரை மாற்றச் சொன்னால், வயரைப் பார்த்தீர்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

வயர் என்றதும் எலி. சென்னையில் இந்த லைட்டுக்கு நான் முதலில் சந்தேகப்படுவதே எலியைத்தான். நாலு நாள் ஒரே இடத்தில் நின்ற வண்டி, பக்கத்தில் குப்பைத் தொட்டி, அவ்வளவு போதும். ஒரு வண்டியின் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தபோது ஃபில்டரின் மேல் பிய்த்த பஞ்சு, கோழி எலும்பு, பாதி தின்ற தேங்காய்ச் சில்லு. இன்ஜெக்டருக்குப் போகும் வயர் ஒன்று பல் பட்ட அடையாளத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது. வாரத்துக்கு ஒருமுறை பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள், புழுக்கை தெரியும். வெட்டிய வயரை டேப் சுற்றி விடாமல், சால்டர் வைத்துச் சுருக்குக் குழாய் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

லைட் மின்னினால் இன்ஜின் மோசமாக மிஸ் ஆகிறது. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கன்வெர்ட்டருக்குள் எரிகிறது. கன்வெர்ட்டர் பழுக்கக் காய்ந்து உள்ளே உருகிவிடும். ஒரு ஸ்பார்க் பிளக்கோ காயிலோ மாற்றி முடிய வேண்டிய வேலை, பெரிய தொகையில் போய் நிற்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து ஓரம் கட்டுங்கள். காய்ந்த சருகின் மேல் நிறுத்தாதீர்கள்.

ஒரு இடத்தில் ஸ்கேனரை வைத்து லைட்டை அணைத்துக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் திரும்ப வந்துவிட்டது.

வரத்தான் செய்யும். எரர் கோடை அழிப்பது காய்ச்சல்காரரின் தெர்மாமீட்டரை உதறி வைப்பது மாதிரி. அதைவிட மோசம், கோளாறு வந்த நேரத்தில் வேகம், சூடு, ஆர்பிஎம் எவ்வளவு என்று கம்ப்யூட்டர் பதிந்து வைத்த விவரமும் கூடவே அழிந்துவிடும். அழிப்பதற்கு முன் ஸ்கேனர் திரையை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் உரிமை, கேட்டு வாங்கலாம்.

டீசல் வண்டியில் புள்ளிப் புள்ளியாக ஒரு பெட்டி படம் எரிகிறது.

புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் நிரம்பிவிட்டது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்ததிலிருந்து டீசல் கார்களில் இது வழக்கமாகிவிட்டது. தி.நகருக்கும் கோடம்பாக்கத்துக்கும் மட்டும் ஓடும் வண்டிக்கு அந்தக் கரியை எரிக்கும் அளவுக்குச் சூடு கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை காலை வண்டலூர் மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் சீரான வேகத்தில் 20 நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள், பெரும்பாலும் அணைந்துவிடும். கூடவே செக் இன்ஜினும் எரிந்தால் ஓட்டிப் பார்க்க வேண்டாம், கொண்டுவாருங்கள். ஊருக்குள் மட்டும் ஓட்டப்போகிறவருக்கு டீசல் வண்டி வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான்.

குதிரை லாடம் மாதிரி படம், நடுவில் ஆச்சரியக்குறி?

டயரில் காற்று குறைவு. டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் எவ்வளவு என்று இருக்கும். காலையில், டயர் சூடாவதற்கு முன் பஞ்சர் கடையில் பாருங்கள். ஒரு நிமிடம் மின்னிவிட்டு நிலையாக எரிந்தால் காற்று சரியாக இருக்கலாம், சென்சாரில்தான் கோளாறு.

ஏர்பேக் லைட்?

விபத்தில் ஏர்பேக் விரியாமல் போகலாம். சீட்டுக்கு அடியில் உள்ள மஞ்சள் கனெக்டர் லூஸானாலும் எரியும், ஆனால் நீங்களே கையை விட்டு நோண்டாதீர்கள். பேட்டரியைக் கழற்றிக் காத்திருந்து செய்ய வேண்டிய வேலை அது.

வாசலில் நின்ற வண்டிக்குள் மழைத் தண்ணீர் போய்விட்டது. வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

தயவுசெய்து செய்யாதீர்கள். சாவியை ஆன் பண்ணிக்கூடப் பார்க்க வேண்டாம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வந்த வண்டிகளில், தொடாமல் விட்டவை பிழைத்தன. ஒரே ஒரு தடவை என்று செல்ஃப் அடித்த பல வண்டிகளுக்கு இன்ஜினையே பிரிக்க வேண்டியதாகிவிட்டது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது பிஸ்டன் மேலே வந்தால், அதைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளையும்.

கைக்கு எட்டினால் பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றுங்கள். தண்ணீர் எதுவரை ஏறியது என்று தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள், இன்சூரன்சுக்கு வேண்டும். சாதாரண முழுக் காப்பீட்டில், வெள்ளத்தில் ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால் பெரும்பாலும் பணம் வராது. இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்க்க வேண்டும், ஐப்பசி பிறப்பதற்குள் பாலிசியை எடுத்துப் பாருங்கள். மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தின் மேல் கார்களைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்களே, பட்டுத் தெரிந்துகொண்டது அது.

பிழைத்த வண்டியிலும் ஒரு மாதம் கழித்து லைட்டுகள் ஒவ்வொன்றாக வரும்: ஏபிஎஸ், ஏர்பேக், ஸ்டீயரிங். கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தால் கனெக்டர் பின்களில் பச்சையாகப் பூத்திருக்கும். மேலே காய்ந்தது போல இருந்தாலும் கார்பெட்டின் அடியில் ஈரம் நிற்கும். அதை எடுத்து வெயிலில் போடாமல் வண்டியை வாங்கிக்கொள்ளாதீர்கள்.

ஹைவேயில் சிவப்பு லைட் வந்தால் யாரைக் கூப்பிடுவது?

தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, முக்கோணப் பலகையை 50 மீட்டர் பின்னால் வைத்து, எல்லோரும் இறங்கி சாலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நில்லுங்கள். நின்ற வண்டிக்குள் உட்கார்ந்திருப்பதுதான் ஆபத்து.

பழைய கார் வாங்கப் போகிறேன். டேஷ்போர்டில் ஒரு லைட்டும் இல்லை. நல்ல வண்டிதானே?

முதல் பதிலை மறுபடி படியுங்கள். ஏர்பேக் லைட்டையும் செக் இன்ஜின் லைட்டையும் எரியவே விடாமல் செய்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். எல்ஈடியின் மேல் சின்னதாகக் கறுப்பு டேப் ஒட்டிய மீட்டரை நானே பிரித்திருக்கிறேன். சாவியை ஸ்டார்ட்டுக்குக் கொண்டுபோகாமல் ஆனில் நிறுத்துங்கள். ஆயில், பேட்டரி, ஏபிஎஸ், ஏர்பேக், இன்ஜின் ஐந்தும் எரிய வேண்டும். அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள், ஐந்தும் அணைய வேண்டும். ஆறிய இன்ஜினில் செய்வது முக்கியம், நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். அந்தச் சில வினாடிகளை வீடியோ எடுத்து, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் எனக்கு அனுப்புங்கள்.